ராத்திரி ஹைவேயில போலீஸ் கையில என்ன இருக்கு? – வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர் ரோடு

டயர்கடை_விரிஞ்சிபுரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சென்னை – பெங்களூரு ஹைவே ஓரமா, விரிஞ்சிபுரம் பக்கத்துல டயர் கடை வெச்சிருக்கேன். 16 வருஷமா ராத்திரி கடை. ஒரு வாரமா மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம், இங்க எழுதிடறேன்.

போன வாரம் ராத்திரி பதினொண்ணே காலுக்கு, ஓசூர் பக்கம் போற லோடு லாரி ஒண்ணு கடைக்கு முன்னூறு மீட்டர் தள்ளி பின் ஆக்சில் ஒடிஞ்சு நடு ரோட்டுலயே உக்காந்துடுச்சு. டெயில் லைட்டும் அவுட்டு. கிளீனர் பையன் ஓடி வந்து ஜாக்கி கேட்டான். நாங்க ஜாக்கியோட போறதுக்கும் ரோந்து வண்டி வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, சீக்கிரமாத்தான் வந்தாங்க. ரெண்டே பேர். வண்டியில இருந்து எறக்குனது ரெண்டு கோன், ஒரு டார்ச். ரெண்டு கோன்ல ஒண்ணுல அந்த வெளிச்சம் பட்டா மின்னுற பட்டை முழுசா உரிஞ்சு போயிருந்துச்சு.

வர்ற வண்டியெல்லாம் நூறுல வருது. ரெண்டு கோன் எந்த மூலைக்கு? நானும் கிளீனரும் ஓடிப்போய் வேப்பங்கொத்து, புங்கங்கொப்பு ஒடிச்சுகினு வந்து லாரிக்குப் பின்னால வரிசையா போட்டோம். ஏட்டு ஐயாவுக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். மின்னுற சட்டை கிடையாது, வெறும் காக்கி. டார்ச்சை ஆட்டிகினே நூறு அடி பின்னால போய் நின்னாரு. ராத்திரியில காக்கி கண்ணுக்குத் தெரியாதுங்க. பத்தடி கிட்ட வந்தப்புறம்தான் ஆள் நிக்கறதே தெரியும். போகப் போக டார்ச் வெளிச்சமும் மஞ்சளாயிடுச்சு. ஒரு பைக்காரர் கொப்பு மேல ஏறி சறுக்கி விழுந்தாரு. ஹெல்மெட் இருந்ததால தலை தப்பிச்சுது, கால் முறிஞ்சு போச்சு. அவரு சறுக்கிகினே வந்து நின்ன இடத்துக்கும் ஏட்டு ஐயா காலுக்கும் நடுவுல ஒரு முழம்கூட இல்ல.

அந்த ஐயா இடுப்புல அபராதம் போடற மிஷின் தொங்குச்சு. நல்ல மிஷின். கார்டு தேய்க்கலாம், ரசீது வரும். அதை நான் குறை சொல்லலை. அபராதம் போடற கருவி அவர் கை வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சே, அவர் உயிரையும் ரோட்டுல வர்றவன் உயிரையும் காப்பாத்தற கோனும் சட்டையும் டார்ச்சும் மட்டும் ஏன் வந்து சேரலை? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கிரீன்சர்க்கிள்_தினமும்:

அண்ணே, விஷயம் தெளிவா இருக்கே. காலையில ஒன்பதரைக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவுக்கு வந்து பாருங்க, ஆபீஸ் போற கூட்டத்துல ஹெல்மெட் பிடிக்க ஆறு பேர் நிக்கறாங்க. 2022 அக்டோபருக்கு முன்னால நூறு ரூபாயா இருந்த அபராதம் இப்ப ஆயிரம். என் சம்பளத்துல ரெண்டு நாள் கூலி. ராத்திரி ஹைவேயில ரெண்டு பேர். பணம் எங்க வருமோ அங்க ஆளு.

---

குடியாத்தம்_தறி:

அதுலயும் கேமரா அபராதம்னு ஒண்ணு வந்துகீது. என் வண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல்., தறிக்கு நூல் கொண்டு வர்ற வண்டி, ஊரைத் தாண்டுனது கிடையாது. நான் காலே வைக்காத ஒரு ஊர் பேர் போட்டு ஹெல்மெட் இல்லன்னு மெசேஜ். போட்டோவைத் திறந்து பார்த்தா வேற எவனோ ஓட்டற ஸ்கூட்டர். அவன் நம்பர்ல 8, என் நம்பர்ல 3. ஒரு எழுத்தைப் பார்க்க அங்க ஆள் இல்லையா? எடுத்துச் சொல்றதுக்கு மூணு இடம் அலைஞ்சேன், ஒரு நாள் தறி நின்னுது.

---

ஓய்வு_எஸ்எஸ்ஐ:

தம்பிங்களா, நான் 32 வருஷம் காக்கி போட்டவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமா இருந்த காலத்துல சேர்ந்தேன். வேலூர் கோட்டைக்குள்ள பயிற்சிப் பள்ளியில கவாத்து கத்துகினேன். எந்த ஸ்டேஷன்ல இருந்தேன்னு சொல்ல மாட்டேன். ஆனா டயர் கடைத் தம்பி சொன்னதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. நானும் சொந்தக் காசுல செல் வாங்கி டார்ச்சுல போட்டிருக்கேன்.

முதல்ல வசூல் பேச்சுக்கு வர்றேன். அபராதப் பணம் அரசு கஜானாவுக்குப் போகுது. ஸ்டேஷன்ல ஒரு டார்ச் வாங்கக்கூட அதுல இருந்து எடுக்க முடியாது. இன்னிக்கு ஆயிரம் கேஸ் போட்டாலும் நாளைக்கு டீசல் கோட்டா ஒரு லிட்டர்கூட அதிகமாகாது. அப்புறம் ஏன் காலையில ஆறு பேர்? சாயங்காலம் எத்தனை கேஸ்னு கணக்கு கேக்கறாங்க. ஹெல்மெட் கேஸ் கண்ணால பார்த்தாலே போதும், கருவி தேவையில்ல, ரெண்டு நிமிஷத்துல முடியும். கணக்கு கேக்கற இடத்துல எது சீக்கிரம் முடியுமோ அதைத்தான் மனுஷன் செய்வான்.

குடிச்சுட்டு ஓட்டறவனைப் பிடிக்கறதுக்கு எவ்வளவு வேலை தெரியுமா? ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல போனாத்தான் குத்தம். ஊத வைக்கற கருவி வேணும், ஒவ்வொருத்தருக்கும் புதுக் குழாய் வேணும், கருவி சரியா அளக்குதான்னு அப்பப்ப சோதிச்ச சர்ட்டிபிகேட் இல்லன்னா கோர்ட்டுல வக்கீல் கிழிச்சுடுவாரு. கைது பண்ணிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும், இல்லன்னா விட்டுடணும், அது சட்டம். பள்ளிகொண்டாவுல ராத்திரி பன்னண்டு மணிக்கு ஒருத்தனைப் பிடிச்சா, இருக்கற ரெண்டு பேரும் அவனைக் கூட்டிகினு ஆஸ்பத்திரி வாசல்ல. ரோடு காலி. வேகத்துக்கும் இதே கதைதான். ஸ்பீடு கன் பிடிக்க ஒருத்தர், அரை கிலோமீட்டர் தள்ளி நின்னு வண்டியை ஓரங்கட்ட மூணு பேர். இருட்டுல நூறுல வர்ற காரை கை காட்டி நிறுத்தறது எவ்வளவு ஆபத்துன்னு நின்னு பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஆளுக்கு வர்றேன். எங்க சரகத்துல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்த்தி. மாசம் தவறாம பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, பிள்ளையார் ஊர்வலம், மந்திரி வருகை. பந்தோபஸ்துன்னு மைக்ல சொல்லிட்டா டிராபிக்ல இருந்துதான் முதல்ல ஆள் உருவுவாங்க. 2021-ல வாரம் ஒரு நாள் லீவுன்னு அரசாணை போட்டாங்க, நல்ல மனசு. ஆனா லீவு போற ஆளுக்குப் பதில் ஆள் வேணுமே. கூட நிக்கறவன்தான் அவன் பாராவையும் சேர்த்துப் பார்க்கணும்.

---

கிரீன்சர்க்கிள்_தினமும்:

ஐயா, கஜானாவுக்குப் போகுதுன்னு எனக்கு நெஜமாவே தெரியாது. அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா கேள்வி அப்படியேதான் நிக்குது. காலையில நிக்கற ஆறு பேர்ல ரெண்டு பேரை ராத்திரிக்கு மாத்தறதுக்குப் பணம் தேவையா?

---

108_ராத்திரி_ஷிப்ட்:

நான் 108 ஆம்புலன்ஸ்ல ஈ.எம்.டி., அடிபட்டவங்களுக்கு வண்டியிலயே முதலுதவி பண்ற ஆள். ஹெல்மெட் செக்கிங்கை யாரும் கேவலமா பேசாதீங்க, கையெடுத்துக் கும்புடறேன். 2022-ல நம்ம நாட்டுல ஹெல்மெட் இல்லாம செத்தவங்க 50,029 பேர். மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்கு அது. அதுல 14,000-க்கு மேல பின்னால உக்காந்து போனவங்க. எங்க வண்டியில ஏத்துறப்ப கை கால் முறிஞ்சவர் வலியில கத்துவாரு. தலையில அடிபட்டவர் கத்த மாட்டாரு, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா பைலட்கிட்ட, அதான் எங்க டிரைவர்கிட்ட, நான் ஒண்ணும் சொல்ல வேணாம், அவரே மிதிப்பாரு.

டயர் கடை அண்ணன் சொன்ன இடத்துலயே நாலு தடவை கேஸ் எடுத்திருக்கேன். ரோட்டுல குனிஞ்சு ஆளைப் பார்த்துகினு இருக்கறப்ப பின்னால லைட் வந்தா முதுகு சில்லுனு ஆயிடும். பின்னால ஒரு போலீஸ்காரர் நின்னு வண்டியைத் திருப்பி விட்டாத்தான் நாங்க வேலை பார்க்க முடியும். அவர் கண்ணுக்குத் தெரியணும். அவருக்கு மின்னுற சட்டை இல்லன்னா எங்களுக்கும் பாதுகாப்பு இல்ல.

இன்னொண்ணு, எல்லாரும் தெரிஞ்சுக்கங்க. அடிபட்டவரைக் கொண்டு வந்து சேர்த்தவரை போலீஸ் பேர், விலாசம் சொல்லச் சொல்லி கட்டாயப்படுத்தக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கு. அது 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. வெளி மாநிலத்துக்காரரா இருந்தாலும் தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்டா உண்டு. பயந்துகினு நிக்காதீங்க, தூக்குங்க.

---

காட்பாடி_சட்டம்:

சட்டம் படிக்கிறேன், கடைசி வருஷம். பணமும் கருவியும் எங்கிருந்து வருகின்றன என்று சொன்னால் பேச்சுக்கு உதவும்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சம்பளம், ஆள் எடுப்பு, வண்டி எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. மத்திய அரசு தருவது கூடுதல் உதவி. காவல்துறை நவீனமயமாக்கல் திட்டம் 1969-ல் தொடங்கியது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து வருஷத்துக்கு 26,275 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி காஷ்மீர், வடகிழக்கு, நக்சல் பகுதிகளின் பாதுகாப்புக்கு. மாநிலப் போலீஸை நவீனமாக்க ஒதுக்கியது 4,846 கோடி. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, ஐந்து வருஷத்துக்கு. அதிலும் ஆயுதம், வயர்லெஸ், தடயவியல் என்று போனபின் ஒரு மாவட்டத்தின் டிராபிக் கோனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். கோன் வாங்க டெல்லியைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. மாநில நிதியிலேயே முடிகிற காரியம் அது.

குடியாத்தம் அண்ணனுக்கு: கேமரா அபராதத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் தனி விதி வந்தது, 167ஏ. கருவிக்கு ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கிறது என்ற அறிவிப்புப் பலகை முன்கூட்டியே வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் போட்டோவில் இருப்பது வேறு வண்டி, அதுவே போதுமான ஆதாரம். பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் குறை பதிவு செய்யும் இடம் இருக்கிறது. ஆர்.சி. நகலையும் வண்டி போட்டோவையும் சேர்த்துப் போடுங்கள்.

---

குடியாத்தம்_தறி:

போட்டுட்டேன் தம்பி. பொண்ணு போட்டுக் குடுத்துச்சு. பார்ப்போம்.

---

ஸ்கூட்டி_பாகாயம்:

தினமும் பாகாயத்துல இருந்து ஆற்காடு ரோடு வழியா சி.எம்.சி. ஆஸ்பத்திரி தாண்டிப் போறவ நான். எல்லாரும் ஹைவேயைப் பத்தியே பேசறீங்க. சி.எம்.சி. வாசல்ல ஒரு நாள் நின்னு பாருங்க. வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம்ல இருந்து வந்தவங்க, கையில எக்ஸ்ரே கவர், மூக்குல டியூப் போட்ட நோயாளி, தோள்ல குழந்தை. எந்தப் பக்கம் இருந்து ஆட்டோ வருதுன்னு அவங்களுக்குப் புரியாது. நம்ம பாஷையும் தெரியாது. அங்க ஒரு பொம்பள போலீஸ் நிப்பாங்க. ‘ருக்கோ, ருக்கோ’ன்னு கத்தி, கையைப் பிடிச்சு, இந்தப் பக்கம் கொண்டு வந்து விடுவாங்க. வெயில்ல மூஞ்சி கறுத்து, விசில் ஊதி ஊதி தொண்டை கட்டிப்போய் இருக்கும். ஒரு நாள் நான் தண்ணி பாட்டில் குடுத்தப்ப, வேணாம்க்கா, தண்ணி குடிச்சா பாத்ரூமுக்கு எங்க போறதுன்னு சொன்னாங்க.

கேமரா, கருவின்னு எத்தனை வேணும்னாலும் வையுங்க. அந்தக் கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வைக்கறதுக்கு ஆள்தான் வேணும். அந்த ஆளுக்கு ஒரு நிழல்குடையும் ஒரு கழிப்பறையும்கூட போலீஸ் கருவிக் கணக்குல சேரணும்னு நான் நினைக்கறேன்.

---

டயர்கடை_விரிஞ்சிபுரம்:

அக்கா சொன்னதைப் படிச்சு கொஞ்ச நேரம் பேச்சே வரலை. அதையும் சேர்த்துதான் கேக்கணும்.

---

ஆம்பூர்_வேன்:

ஷூ கம்பெனிக்கு லேடீஸ் ஏத்தற வேன் ஓட்டறேன். எனக்கு பயம் எதுல தெரியுமா? ராங் சைடுல வர்றவன். சர்வீஸ் ரோட்டுல சுத்திப் போக சோம்பல்பட்டு ஹைவேயில எதிர்ல வர்றான், பைக், டிராக்டர் எல்லாம். விடியக்காலை பனியில அவனுக்கும் லைட் இருக்காது. அதைப் பிடிக்க எந்தக் கருவியும் வேணாம், அந்தத் திருப்பத்துல ஒரு ஆள் நின்னாப் போதும். என் வேன்ல 20 குடும்பம் உக்காந்து வருது.

---

காட்பாடி_சட்டம்:

ஒன்று கேட்க வேண்டும் ஐயா. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, 17,884 சாவு. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம். நாடு முழுவதும் செத்தவர்களில் 71 சதவீதம் பேர் சாவுக்குக் காரணம் அதிவேகம் என்று அமைச்சக அறிக்கை சொல்கிறது. வேகம்தான் முதல் எதிரி என்றால், வேகத்தை அளக்கிற கருவிக்கு ஏன் முதல் இடம் இல்லை?

---

ஓய்வு_எஸ்எஸ்ஐ:

நல்ல கேள்வி தம்பி. என் மனசாட்சிப்படி பதில் சொல்றேன்.

எப்.ஐ.ஆர்.ல நாங்க எழுதற வாசகம் ஒண்ணு இருக்கு: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. பழைய தண்டனைச் சட்டத்துல 279, 304ஏ-ன்னு பிரிவு இருந்த காலத்துல இருந்து அதுதான் வாசகம். இப்ப 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டமான பி.என்.எஸ்.ல 281, 106-ன்னு பிரிவு மாறிடுச்சு, வாசகம் மாறலை. நின்ன லாரி மேல மோதி செத்தவன் கேஸ்லயும் எங்க கை அதையே எழுதும். வேகத்தை யாரு அளந்தா? யாரும் அளக்கலை. டயர் தேய்ச்ச தடத்தை டேப் வெச்சு அளந்து வேகத்தைக் கணக்குப் போடறதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. வேகம் ஒரு பெரிய காரணம், அதுல சந்தேகமே கிடையாது. ஆனா அந்த 71-ல எத்தனை வேகம், எத்தனை லைட் இல்லாத லாரி, எத்தனை வெளிச்சம் இல்லாத திருப்பம்னு பிரிச்சுச் சொல்ல நாங்க எழுதின காகிதத்தால முடியாது. நான் எழுதினதும் அதுல சேர்த்திதான். ரிட்டையர் ஆனப்புறம் அது உறுத்துது.

இப்ப ஸ்பாட்டுக்கே போய் செல்போன்ல ஏத்தற ஆப் வந்திருக்கு, ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பண்ணது. எந்த இடம், ரோடு எப்படி, வெளிச்சம் இருந்ததா, எல்லாம் கேக்குது. நம்ம பசங்க அதை ஒழுங்கா நிரப்பினாலே பாதி உண்மை வெளிய வரும். 500 மீட்டர் தூரத்துல மூணு வருஷத்துல, சாவோ பலத்த காயமோ இருக்கற விபத்து அஞ்சு நடந்தாலும், இல்ல பத்து உயிர் போனாலும், அது ஹைவேக்காரங்க கணக்குல கரும்புள்ளி. அப்படி வந்துட்டா சரி பண்ண வேண்டியது அவங்க பொறுப்பு. பள்ளிகொண்டா டோல்ல காசு வாங்கறாங்கல்ல, கிரேனும் ரோந்து வண்டியும் ஆம்புலன்ஸும் அந்தக் காசுல சேர்ந்ததுதான். வண்டி நின்னுட்டா ஹைவே உதவி நம்பர் 1033-க்கு அடிங்க. போலீஸ் ரெண்டு கோனோட தனியா நிக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லலை.

---

டயர்கடை_விரிஞ்சிபுரம்:

ஐயா, இந்த 1033 விஷயம் 16 வருஷமா ரோட்டோரத்துல இருக்கற எனக்கே அன்னிக்கு ராத்திரி ஞாபகம் வரலை. கடைச் சுவர்ல பெயிண்ட்ல எழுதி வெச்சுட்டேன்.

இப்ப நான் கேக்கறது, தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடலாமா? எப்படி எழுதறது?

---

காட்பாடி_சட்டம்:

போடலாம். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. இருக்கிற காகிதத்தின் நகலைக் கேளுங்கள். ரோந்து வண்டிகளின் உபகரண இருப்புப் பதிவேடு, மின்னுற சட்டை கடைசியாக வழங்கிய தேதி, எத்தனை பேருக்கு வழங்கினார்கள், மூச்சுச் சோதனைக் கருவிகளின் எண்ணிக்கையும் கடைசிச் சோதனைச் சான்றும், போன வருஷம் போட்ட கேஸ்கள் மணி வாரியாக. அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை எத்தனை, இரவு ஒன்பதுக்கு மேல் எத்தனை என்று இ-சலான் கணினியிலேயே இருக்கும்.

---

ஓய்வு_எஸ்எஸ்ஐ:

எந்த ஏட்டு, எந்த ராத்திரின்னு மட்டும் எழுதிடாதே தம்பி. மெமோ அவருக்குத்தான் போகும்.

---

டயர்கடை_விரிஞ்சிபுரம்:

சத்தியமா எழுத மாட்டேன் ஐயா. தேதியே போடலை.

---

ஸ்கூட்டி_பாகாயம்:

நான் திங்கக்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போறேன். சி.எம்.சி. வாசல்ல நிக்கற பெண் போலீஸுக்கு நிழல்குடையும் கழிப்பறை வசதியும் கேட்டு மனு. கூட வர்றவங்க காலையில பத்து மணிக்கு வாசல்ல இருங்க.

---

கிரீன்சர்க்கிள்_தினமும்:

அக்கா, நானும் வர்றேன். அரை நாள் லீவு சொல்லிட்டேன்.

---

டயர்கடை_விரிஞ்சிபுரம்:

மனு நேத்து தபால்ல போட்டாச்சு, ரசீது பத்திரமா வெச்சிருக்கேன். பதில் வந்தா வரிக்கு வரி இங்கயே போடறேன்.

அந்த ஏட்டு ஐயா முந்தாநேத்து ராத்திரி கடைக்கு டீ குடிக்க வந்தாரு. பைக்காரருக்கு ஆபரேஷன் முடிஞ்சு நல்லா இருக்காருன்னு சொன்னாரு, தானே போய்ப் பார்த்துட்டு வந்தாராம். நான் வேலூர்ல எட்டு கோன் வாங்கி வெச்சிருக்கேன், எல்லாத்துலயும் பட்டை புதுசு. கூட ரெண்டு சார்ஜ் டார்ச். கடை ஷட்டருக்கு வெளியிலயே, ஏர் அடிக்கற மிஷின் பக்கத்துல அடுக்கி இருக்கு. இந்தப் பக்கம் யார் வண்டி நின்னாலும் எடுத்துகினு போங்க, போலீஸ்காரங்களும் எடுக்கலாம். கடை மூடியிருந்தாலும் பரவாயில்ல, கேக்க வேணாம். வேலை முடிஞ்சதும் திருப்பி அங்கயே வெச்சுடுங்க.